மேற்கு வரிசை

கூட்டத்துக்கு ஐம்பது வெள்ளி, சாப்பாடு தனி.
டத்தோ மலாயில் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு வாங்குவார்.
அந்த மூச்சுக்குள் நான் தமிழில் முடித்துவிட வேண்டும்.
சுங்கை பெனார் தோட்டம், கோயிலுக்குப் பின்னால்
செம்பனை லோரிகள் திரும்புகிற திடல்.
இரவு எட்டரை. மழைக்கு முந்திய கொசு.

முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது
பாராட்.

மேல்நாடு என்று சொன்னால் ஒரு கும்பிடு ஒட்டிக்கொள்ளும்.
சீமை என்றால் மண்ணெண்ணெய் வாடை.
வெள்ளைக்காரன் என்றால்,
அவன் போய் மூன்று பெயர்ப்பலகை மாறிவிட்டது,
இன்று பங்களாவில் இருப்பவர் டத்தோவின் மைத்துனர்.
மேற்கு என்றே வைத்தேன்.
திசைமேல் யாரும் வழக்குப் போட முடியாது.

நம் செம்பனை எண்ணெயைக் கண்டு வயிறெரிவது மேற்கு.
நம் பையன்களின் முடிக்குச் சாயம் பூசியது மேற்கு.
சம்பளம் போதவில்லை என்று அட்டை பிடித்து நிற்பது
மேற்கின் வழக்கம், நாமெல்லாம்
உட்கார்ந்து பேசித் தீர்ப்பவர்கள்.
டத்தோவின் மகள் எடின்பரோவில் பல்மருத்துவம் படிக்கிறாள்.
அதைச் சொல்லும்போது மட்டும் அவர் வாயில்
லுவார் நெகரி. வெளிநாடு.
அதையும் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்ததில்
பின்வரிசைக்கு அது பாராட்டு என்று கேட்டிருக்கிறது.
அவர் சபித்த இடத்திலெல்லாம் கைதட்டினார்கள்.
அவருக்குச் சந்தோஷம்.

மேல் என்றால் உயரம்.
எந்த மலையைப் பார்த்து நின்றவன் வைத்த பெயரோ.
இங்கே மலை கிழக்கில் இருக்கிறது,
ஆறு மேற்கே இறங்கிக் கடலுக்குப் போகிறது.
எங்கள் ஊரில் மேற்கு பள்ளம்.
அடியோடு வழிதவறியவனை மலாயில்
சசாட் பாராட் என்பார்கள்.
என் ஆட்கள் வந்த கப்பலும் மேற்கிலிருந்து வந்ததுதான்.
அந்த மேற்கை அவர் சொல்லவில்லை.
சொல்லவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும்
மருந்தடிக்கும் இருசம்மா எழுந்தாள்,
கழுத்தில் இன்னும் பம்பு வார் அழுத்திய தடம்.
"ஐயா சொல்றது சரிதான்.
எல்லாக் கோளாறும் மேற்கிலதான்.
மேற்கு வரிசையில அஞ்சு மாசமா
ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

சிரித்தது நான்தான் முதலில்.
பிறகு வேலை ஞாபகம் வந்தது.
வரிசை என்பதைச் சேர்த்திருக்கலாம். மூச்சு போதவில்லை.
அல்லது போதும் என்றுதான் விட்டேனோ.
டி பாராட், டத்தோ, தாக் அடா ஆயர்.
மேற்கில் தண்ணீர் இல்லை.

டத்தோ தலையை மெதுவாக ஆட்டினார்.
"பார்த்தீர்களா, படிக்காத ஒரு தாய்க்குத் தெரிந்திருக்கிறது.
ஈரமில்லாத நாகரிகம் அது.
காய்ந்து கருகப் போகிறது, நம் காலத்திலேயே."
மேசையை ஒருமுறை தட்டினார்.
அவர் மூச்சு வாங்கினார்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"காய்ந்து கருகப் போகிறது" என்றேன்.
அதற்கு மட்டும் யாரும் கைதட்டவில்லை.

இருசம்மா உட்காரவில்லை.
"எப்ப வருமுன்னு கேளு தங்கச்சி" என்றாள்,
ஒலிபெருக்கி இல்லாமலே
பங்களா வரைக்கும் கேட்கிற குரலில்.
பீலா, டத்தோ? என்று கேட்டேன்.
அவர் மேற்கத்திய வீழ்ச்சிக்குத் தேதி யோசித்தார்.
"இன்ஷா அல்லா, விரைவில்."

உறையில் ஐம்பது வெள்ளி சரியாக இருந்தது.
சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் கைகழுவத் தண்ணீர்ப் பாக்கெட்.
அதை எடுத்துக்கொண்டு மேற்கு வரிசை வழியாகவே
பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.
குழாய்கள் எல்லாம் திறந்தே கிடந்தன,
நடுநிசியில் வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாளி.